மெஸ்தி என்று ஒரு கோப்பு

வாதம் அடித்து விழுந்த மார்தியோவுக்கு வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மெஸ்தி. ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் காய்கறிக்காரியிலிருந்து கல்லூரி வாத்தியார் வரைக்கும் நாளெல்லாம் சொல்லும் சொல்தான். கட்டாயம், ஆகியே தீர வேண்டும் என்று பொருள். மனிதர் அதைக் கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தையே பார்ப்பார். எதிரே நிற்பவர் திருதிருவென்று விழிப்பார். உடனே மறுபடி, "மெஸ்தி," இந்தத் தடவை கொஞ்சம் உரத்து. அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். தலைமாட்டுத் திரையில் ரத்த அழுத்தம் ஏறும், செவிலி ஓடி வருவாள்.

எதைச் செய்தே ஆக வேண்டும் என்கிறார்? இது தெரியாமல் குடும்பமே அல்லாடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு ஓர் அர்த்தம் சொன்னார்கள். அண்ணன் மகன் சுகெங், "சித்தப்பா புறாவத்தான் கேக்கறாரு, வேற என்ன" என்று அடித்துச் சொல்லி, வீட்டு மணிப்புறாவைக் கூண்டோடு மருத்துவமனைக்குத் தூக்கி வந்து காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டு அம்மாள் தேங்காய்ப்பால் சோற்றை வாழை இலையில் மடித்துக்கொண்டு வந்தாள். குழாய் வழியாகக் கஞ்சி குடிக்கிற மனிதருக்கு அதைத் தின்னக் கொடுக்க முடியாது என்று சொன்னதற்கு அவளுக்குக் கோபம் வேறு. பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்து ஓதிப் பார்த்தார். ஓதி முடிக்கும் வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்த மார்தியோ, முடித்ததும் அவரைத் தாண்டிப் பார்த்து "மெஸ்தி" என்றார்.

முதன்முதலில் இதற்குப் பொருள் சொன்னவள் மனைவி கினார்சிதான். விழுந்த அன்றே, "கட்டாயம்ங்கறாரு. ஏதோ வேலை பாக்கி வெச்சிருக்காருபோல" என்றாள். சொன்னதோடு சரி, அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் மெஸ்தி என்னும்போதெல்லாம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தஸ்பீஹ் மணியை வேகமாக உருட்டினாள். மற்ற நேரமெல்லாம் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மகள் விலுஜெங்கின் பின்னாலேயே திரிந்தாள். கையில் ஓர் ஊக்கு, அதில் வசம்பும் காட்டு இஞ்சியும் முடிந்த சிறு துணி. வசம்பு என்றால், பேர் சொல்லாதது என்பார்களே, அதேதான். பிள்ளைத்தாய்ச்சி அதைச் சட்டையில் குத்திக்கொண்டால் காற்றுக் கருப்பு அண்டாதாம். விலுஜெங் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அம்மாவின் கையை ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டாள்.

மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். "பிரஷர் இப்படியே ஏறிக்கிட்டிருந்தா இன்னொரு தடவை அடிக்கும். அதை அவரு தாங்கமாட்டாரு. மருந்து ஓரளவுக்குத்தாம்மா. அவரு என்ன கேக்கறாருன்னு கண்டுபிடிச்சு, அதைச் செஞ்சு குடுத்து அமைதிப்படுத்தற வழியப் பாருங்க."

வெளியே நடைகூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு மடிக்கணினி ஞாபகம் வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், அவள் பாபாக் என்று அழைக்கிற அப்பா சொல்லியிருந்தார். "என் பழைய லேப்டாப் செத்துப்போச்சு நொக். கோ தியோங்கிட்ட குடுத்து உயிர் குடுக்கச் சொல்லு. பேரப்புள்ள வர்றதுக்குள்ள அதுல இருக்கறத எடுத்தாகணும். மெஸ்தி." அடுத்த வாரம் பார்க்கலாம் பாபாக் என்றாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, அவளும் மறந்து தொலைத்தாள்.

"அதேதான். வேற எதுவா இருக்கும்?" என்றாள் கணவன் யூதோவிடம்.

யூதோ சுராபாயாக்காரன். எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற ஊர். "அப்ப இங்க நின்னு என்ன பண்ற? ஓடு. நான் மாமாவப் பாத்துக்கறேன். ஏய், நெசமாவே ஓடித் தொலையாத, சைக்கிள் ரிக்‌ஷா புடிச்சுப் போ!"

*

கோ தியோங்கின் கணினி பழுதுபார்க்கும் கடை பெரிய சந்தைக்குப் பின்னால், பீங்கான் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. அதை வைத்தே அவர் ஆயிரம் நகைச்சுவை சொல்வார். சீனக்காரர், அதனால் ஊருக்கெல்லாம் அவர் கோ, அதாவது அண்ணன். விலுஜெங் துணி மூட்டையை மேசைமேல் வைத்தபோது அவர் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. உக்காரு."

"உக்கார நேரமில்ல கோ. இது ஆன் ஆகல."

கோ துணியை விலக்கிப் பார்த்தார். கறுப்பு நிறத்தில், செங்கல் கனத்தில், மூலை உடைந்த ஒன்று. "இது ஆன் ஆச்சுன்னாதாம்மா நான் பயப்படணும். எங்க கல்யாண வீடியோவ இதுலதானே வெட்டி ஒட்டுனாரு உங்கப்பா. வேண்டாததையெல்லாம் வெட்டச் சொன்னேன். என் மாமனார் தூங்கி விழுந்ததை மட்டும் விட்டுவெச்சிருந்தாரு. இன்னிக்கும் வீட்டுல சண்டை."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். நடந்ததைச் சொன்னாள். கோ கடலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

தன்னிடமிருந்த மின் இணைப்பைச் செருகிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், அப்போதும் இல்லை. பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தார். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு திருகாகக் கழற்றத் தொடங்கினார். விலுஜெங் மேசைக்கும் வாசலுக்கும் நடந்தாள். ஒரு திருகு முனை தேய்ந்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது அவளே பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது.

மூடியைத் திறந்ததும் கோ "அட" என்றார். மதர்போர்டின் மேல் ஒரு பல்லி, காய்ந்து, தோலும் எலும்புமாக ஒட்டிக் கிடந்தது. சுற்றிலும் கருகியிருந்தது.

"இவன்தான் ஆளு. கதகதன்னு இருக்கேன்னு உள்ள போய்ப் படுத்திருக்கான். போர்டையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"அப்ப எல்லாம் போச்சா?"

"போனது வண்டி. டிக்கியில இருக்கற சரக்கு நல்லா இருக்கலாம். பதறாத. உக்காரு."

அவள் உட்காரவில்லை. கோ ஓரத்திலிருந்த சின்ன மூடியைத் திறந்து, ஹார்டு டிஸ்கை மெல்ல நகர்த்தி வெளியே எடுத்தார். உள்ளங்கை அளவுதான். அதற்கு ஒரு கேபிளை மாட்டித் தன் கணினியில் செருகினார். அது லேசாக முனகியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி, ஊதி, மறுபடி செருகினார். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை செருகியபோது ஒரு சின்னச் சத்தத்துடன் புதிதாக ஒரு பெட்டி முளைத்தது.

"இருக்கான், இருக்கான்! உயிரோட இருக்கான்!"

"தொறங்க கோ."

"மாட்டேன். மொதல்ல பிரதி எடுக்கணும், அப்புறம்தான் தொறக்கறது. பழைய டிஸ்கு. நாம நோண்டிக்கிட்டே இருக்கும்போது பொசுக்குனு போயிட்டா சவப்பெட்டிக் கடைக்குத்தான் போகணும்."

பச்சைக் கோடு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்லக்கூடாது, நகர்வதாகப் பேர் பண்ணியது. யூதோ போனில் வந்தான். "மறுபடி ஏறிடுச்சு. ஊசி போட்டிருக்காங்க. என்னையே பாத்து மெஸ்திங்கறாரு. நானும் சரி பாக், முடிச்சுடறோம் பாக்னு சொல்லிப் பாத்துட்டேன். இன்னும் கோவம் வருது அவருக்கு. உனக்கு என்னாச்சு?" கோடு பாதிகூட வரவில்லை. "வந்துக்கிட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

கோ மாடியைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "என்னத்துக்குக் கத்தற?" என்று மேலிருந்து பதில் வந்தது. டீ கேட்டார். விலுஜெங்குக்கு அந்த நெருக்கடியிலும் தன் வீடு நினைவுக்கு வந்தது. அவள் வீட்டில் இப்படி ஒரு பதில் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெரியவர்கள் கூப்பிட்டால் 'தலெம்' என்று சொல்ல வேண்டும். இதோ இருக்கிறேன், சொல்லுங்கள் என்கிற பணிவு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். ஜாவாக்காரர்கள் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான் என்றாலும் மார்தியோ இதில் ஒற்றைக் காலில் நிற்பார். 'நொக்' என்று கூப்பிடுவார். நொக் என்றால் மகளே என்பது. அவளைப் பேர் சொல்லி அவர் அழைத்ததே இல்லை, எப்போதும் நொக்தான். அவள் எதிரிலேயே வந்து நின்றாலும் போதாது. தலெம் என்று வாயைத் திறந்து சொல்லும் வரை நொக், நொக் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். சொன்ன பிறகுதான் விஷயத்தை அவிழ்ப்பார். விஷயம் பெரும்பாலும் மின்விசிறியை நிறுத்து என்பதாக இருக்கும். யூதோ மாமனார் வீட்டுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

கோடு ஒருவழியாக மறுமுனையைத் தொட்டது. கோ பிரதியைத் திறந்தார். வரிசையாகக் கல்யாணங்கள், மாப்பிள்ளை பெண் பேர்களோடு. சுன்னத்து விழாக்கள். யாரோ ஒரு அதிகாரியின் ஓய்வு விழா. கோ உருட்டிக்கொண்டே போனார், அவள் அவர் தோளுக்கு மேல் குனிந்து படித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் முடிந்து கடைசியில், தனியாக, ஒரு கோப்பு. அதன் பெயர் மெஸ்தி.

"இதான்! கோ, இதான்!" அவள் கத்தியதில் சவப்பெட்டிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கோவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. "மனுசன் செய்ய வேண்டியதுன்னு எழுதியே வெச்சிருக்காரு பாரேன்!" அழுத்தினார். கோப்பு திறக்கவில்லை. சின்னக் கட்டம் ஒன்று வந்து கடவுச்சொல் கேட்டது.

அம்மாவின் பேரைப் போட்டார்கள். அவளுடைய பிறந்த தேதி, அப்பாவின் பிறந்த தேதி. 'மார்தியோ வீடியோ'. புறாவின் பேர். ஜாவா நாள்காட்டிப்படி அவள் பிறந்த கிளிவோன் வெள்ளிக்கிழமையைக்கூடச் சேர்த்தும் பிரித்தும் அடித்துப் பார்த்தார்கள். எதற்கும் அது பிடி கொடுக்கவில்லை.

"உடைக்க முடியாதா?"

"அதுக்கு நிரல் இருக்கு. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கும். ஆனா இந்தப் பூட்டு தொறக்கறதுக்குள்ள உன் புள்ள பள்ளிக்கூடம் போயிடும்." கோ தலையைச் சொறிந்தார். "ஏதாவது பேராத்தாம்மா இருக்கும். இந்த வயசு ஆளுங்க பேரைத்தான் போடுவாங்க. ஆனா எந்தப் பேரு? என்னையே எடுத்துக்கோ. அடையாள அட்டையில செத்தியவான், வீட்டுல தியோங், பொண்டாட்டிக்கு ஏய். யாருக்குத் தெரியும்?"

அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "இபு, பாபாக்கோட லேப்டாப்புல மெஸ்தின்னே ஒரு கோப்பு இருக்கு. பூட்டியிருக்கு. என்ன போட்டுப் பூட்டியிருப்பாரு? யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் மணி உருளும் சத்தம் நின்றது. "அதைத் தொறக்காத," என்றாள் கினார்சி. போன் அறுந்தது. திருப்பித் திருப்பிப் போட்டும் எடுக்கவில்லை.

*

கோ கொண்டுவந்த டீ ஆறி ஏடு கட்டுவதற்குள் கினார்சியே வந்து இறங்கினாள். மருத்துவமனையில் கொடுத்த பார்வையாளர் அட்டை கழுத்தில் ஆடியது. முக்காடு நழுவியதைக்கூடச் சரிசெய்யாமல் நேரே மேசைக்கு வந்து கேபிளைப் பிடித்தாள்.

கோ இரண்டு கைகளாலும் ஹார்டு டிஸ்கைப் பொத்திக்கொண்டார். "இபு, இபு! புடுங்குனா போயிடும்!"

"போகட்டும்னுதான் வந்திருக்கேன். விடுங்க."

"உங்களுக்குப் பைத்தியமா?" விலுஜெங் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இதுவரை அம்மாவிடம் அப்படிப் பேசியவள் இல்லை. "அங்க மனுசன் உயிரு போகுது. கட்டாயம் கட்டாயம்னு கதறிக்கிட்டிருக்காரு. அது என்னன்னு இதுக்குள்ள இருக்கு. நீங்க வந்து புடுங்கறேங்கறீங்க!"

"அது கட்டாயம் இல்லடி."

"என்ன இல்ல?"

கினார்சி கேபிளை விட்டாள். "கட்டாயம்னு நான்தான் சொன்னேன். பொய். அவரு கட்டாயம்னு சொல்லல. அது ஒரு பேரு."

கோ இருமிவிட்டு, கடலைத் தோலை அள்ளும் சாக்கில் பின்பக்கம் நகர்ந்தார். விலுஜெங்கின் மனம் ஒரு நொடியில் எங்கெங்கோ போய் வந்தது. கல்யாண வீடுகள், அலங்காரக்காரிகள், பாட்டுக்காரிகள், வெளியூர்ப் பயணங்கள். இந்த வயசில், சாகக் கிடக்கும்போது, பெண்டாட்டி பிள்ளை முன்னால் இன்னொருத்தியின் பேரையா?

"யாரு பேரு?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அம்மா உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்தாள். "இந்த உடம்போட பேரு."

பிறகு கினார்சி, விலுஜெங் இத்தனை நேரமாக உட்கார மறுத்த நாற்காலியில் தானே உட்கார்ந்து சொன்னாள். "நீ பொறந்தப்ப உங்கப்பா அரண்மனைப் பேரா வெச்சாரு. பட்டத்து ராணின்னு அர்த்தம். அதோட வாலைப் புடிச்சு, செல்லமா, அந்த... அப்படிக் கூப்புடுவாரு. கேமரா தூக்கறவன் மகளுக்கு இந்தப் பேரு தாங்காதுன்னு ஊரே சொல்லுச்சு. சிரிச்சாரு. நெசமாவே தாங்கல உனக்கு. காய்ச்சல் நின்னா வலிப்பு, வலிப்பு நின்னா வயித்தால. ஒரு தடவை வெள்ளைத் துணியே எடுத்து வெச்சாச்சு. பேரு கனமா இருக்கு, எறக்கி வைங்கன்னாங்க. சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி, நாலு பேரக் கூப்புட்டு, விலுஜெங்னு மாத்துனோம். சுகமா இருடின்னு. அந்த வாரமே நீ எழுந்து உக்காந்து சோறு கேட்ட. அன்னியிலருந்து அந்தப் பேரை வீட்டுல யாரும் எடுக்கறதில்ல. எடுத்தா வந்துரும்."

"என்ன வந்துரும்?"

"போனது வந்துரும்." அம்மாவின் பார்வை மகளின் வயிற்றுக்கு இறங்கியது. "இப்ப நீ ஒத்த ஆளும் இல்ல. அவருக்குப் புத்தி கலங்கி அந்தப் பேரச் சொல்லிட்டாரு. நீ காதுல வாங்கி, ஏன்னு பதில் குரல் குடுத்துட்டன்னா? அதான் கட்டாயம்னு சொல்லி வெச்சேன். ஊரு நம்புச்சு. நீயும் நம்புன."

விலுஜெங்குக்குக் கட்டில் கம்பியின் சத்தம் கேட்டது. கண்ணை விரித்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பார்த்து அவர் சொன்னதெல்லாம் திரும்பி வந்தது. எதையும் செய்யச் சொல்லவில்லை. புறா வேண்டாம், சோறு வேண்டாம். அவளைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவள் எதிரில் மரம் மாதிரி நின்றிருக்கிறாள்.

"கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு இபு," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "நான் முன்னாலயே நின்னேன். நீங்க அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க."

கினார்சி முக்காட்டு நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் நாற்காலியோடு மேசைப் பக்கம் நகர்ந்தாள். "இதுல எழுத்து எங்க இருக்கு, காட்டு."

வாயால் சொல்ல மாட்டாள். ஒற்றை விரலால், விசைப்பலகையைத் தடவித் தடவி, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினாள். குத்தக் குத்தத் திரையில் புள்ளிகள்தான் விழுந்தன.

"என்னது, எழுத்து வரல?"

"கடவுச்சொல் அப்படித்தான் இபு. வெளிய காட்டாது," என்றார் கோ பின்னாலிருந்து.

"நல்லதாப் போச்சு," என்றாள் கினார்சி.

திரை மறைத்தாலும் மகள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி, ஆர், ஏ, எம். பிறகு ஈ, எஸ், டி, ஐ. பிரமெஸ்தி. தன் பேரை வாழ்க்கையில் முதல் தடவையாக, அம்மாவின் விரல் போன வழியில் அவள் படித்தாள். கோப்பு திறக்கவில்லை.

கினார்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்த எச்சு! மருத்துவச்சி சீட்டுல அந்த எழுத்த விட்டுட்டான்னு சண்டை போட்ட மனுசனாச்சே." மறுபடி முதலிலிருந்து குத்தினாள். இந்தத் தடவை டி-க்குப் பிறகு ஒரு எச். கட்டம் மறைந்தது.

ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருந்தவை துண்டு துண்டான வீடியோக்கள். பழைய நாடாவிலிருந்து மாற்றியவை, கோடு கோடாக. கோ ஒன்றைத் திறந்துவிட்டு மறுபடி கடலைத் தோல் அள்ளப் போய்விட்டார்.

பாயில் ஒரு குழந்தை. தலை பெரிசு, கை கால் குச்சி. கேமராவுக்குப் பின்னால் இளம் வயது மார்தியோவின் குரல். "மெஸ்தி! மெஸ்தி!" குழந்தை தலையைத் திருப்ப முயல்கிறது. "தலெம் சொல்லு, அப்பாக்குத் தலெம் சொல்லு" என்று பக்கத்தில் கினார்சியின் குரல், மணிக்குரல். குழந்தை வாயைக் குவித்து, "லெம்" என்கிறது. கேமரா குலுங்கும் அளவுக்கு அப்பா சிரிக்கிறார். அடுத்ததிலும் அதேதான். அதற்கடுத்ததில் குழந்தை இன்னும் மெலிந்திருந்தது. தலையைத் திருப்பவில்லை, கண் மட்டும் திரும்பியது. உதடு மட்டும் லெம் என்று அசைந்தது.

கடைசித் துண்டில் வீடு நிறையக் கால்கள், நடுவில் இரண்டு கிண்ணம் கஞ்சி, சிவப்பும் வெள்ளையும். குழந்தை கிண்ணத்தில் விரலை விட்டு அளைந்துகொண்டிருக்கிறது. "விலுஜெங்," என்கிறது அப்பாவின் குரல். குழந்தை திரும்பவில்லை. "விலுஜெங்." கஞ்சியை நக்குகிறது. கேமராவுக்குப் பின்னால் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக, "நொக்." குழந்தை திரும்பிப் பார்க்கிறது. அத்தோடு படம் முடிந்தது.

விலுஜெங் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "ரிக்‌ஷா நிக்குதா பாருங்க கோ."

*

வழியில் அம்மா குண்டு குழியில் வண்டி ஆடும்போதெல்லாம் மகளின் வயிற்றுக்குக் குறுக்கே கையைக் கொடுத்துக்கொண்டாள். மருத்துவமனை மாடிப்படியில் விலுஜெங் வேகமாக ஏறினாள். "மெல்லப் போ" என்று பின்னாலிருந்து அம்மா மூச்சு வாங்கக் கெஞ்சினாள்.

மார்தியோ விழித்திருந்தார். ஊசி அவரை அடக்கவில்லை. திரையில் எண்கள் சிவப்பாக எரிந்தன. யூதோ எழுந்து இடம்விட்டான். அவன் முகத்திலும் களை இல்லை.

கட்டிலுக்கு இரண்டடி முன்னால் கினார்சி மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தடுக்கப் போகிறாள் என்று விலுஜெங் நினைத்தாள். அம்மா பையைத் திறந்து ஊக்கையும் துணி முடிச்சையும் எடுத்தாள். இந்தத் தடவை மகள் தட்டிவிடவில்லை, சட்டையின் ஓரத்தை இழுத்துக் காட்டினாள். ஊக்கு ஒரு முறை அம்மாவின் விரலிலேயே குத்தியது. மாட்டி முடித்தாள்.

"ம். போ."

அவர் பார்த்தார். "மெஸ்தி."

எளிதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஸ்தி." இடது கை கம்பியைத் தேடிப் போனது.

"தலெம், பாபாக்."

கை அந்தரத்தில் நின்றது. மார்தியோ அவளையே பார்த்தார். அவர் சொன்னபடி கேட்கிற பாதி வாய் மட்டும் கோணிக்கொண்டு ஒரு பக்கமாக விரிந்தது. விலுஜெங் பழக்கதோஷத்தில் குனிந்து காத்திருந்தாள். தலெம் சொன்னபிறகு விஷயம் வரும். மின்விசிறி, டீ, கேமரா பேட்டரி, ஏதாவது வரும். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, சோதித்துப் பார்ப்பதுபோல, சத்தமே இல்லாமல் இன்னொரு முறை, "மெஸ்தி" என்றார்.

"தலெம்."

கை இறங்கி அவள் மணிக்கட்டின் மேல் விழுந்தது. கனமாக, சூடாக இருந்தது. விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் கண்ணை மூடினார்.

சிவப்பு எண்கள் மஞ்சளுக்கு மாறியதைப் பார்த்துவிட்டுச் செவிலி உள்ளே வந்தாள். மார்தியோ தூங்குவதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். "அடேயப்பா! ஒருவழியா கண்டுபுடிச்சிட்டீங்களா? அப்படி என்னதாம்மா கட்டாயமாம்?"

யூதோவும் அதையே கேட்கிற முகத்தோடு நின்றான். விலுஜெங் அப்பாவின் கை நழுவிவிடக் கூடாதென்று கட்டிலோரம் அரைக் குனிவாக, இடுப்பு கடுக்க நின்றுகொண்டிருந்தாள்.

சன்னல் பக்கம் நின்றிருந்த கினார்சி திரும்பினாள். உருட்டிக்கொண்டிருந்த மணியை நிறுத்தினாள்.

"மெஸ்தி," என்றாள். "உக்காரு. காலு வீங்கிடும்."

"ஆமா, ஆமா. பிள்ளைத்தாய்ச்சி கட்டாயம் உக்காரணும்," என்று செவிலி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

விலுஜெங் அம்மாவைப் பார்த்தாள்.

"தலெம், இபு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.